பைக்கானூர் வழியாக ஸ்ரீஹரிகோட்டா

வரலாற்றுத் தொடர் – பகுதி 23

1984 ஏப்ரல் 3, இந்திய நேரப்படி மாலை 6 மணி 38 நிமிடம். சோவியத் நாட்டின் பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டி-11 விண்கலம் கிளம்பியது. உள்ளே மூன்று பேர். கமாண்டர் யூரி மாலிஷெவ், பொறியாளர் கென்னடி ஸ்ட்ரெக்கலோவ், மூன்றாவதாக இந்திய விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் ராகேஷ் சர்மா. அப்போது சர்மாவுக்கு வயது 35.

அந்த நாளில் நம் ஸ்ரீஹரிகோட்டாவின் நிலை என்ன என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். ஓராண்டுக்கு முன், 1983 ஏப்ரல் 17 அன்று, எஸ்.எல்.வி-3 தன் நான்காவது பயணத்தை முடித்திருந்தது. அது சுற்றுப்பாதையில் கொண்டுபோய்ச் சேர்த்த ரோகிணி செயற்கைக்கோளின் எடை சுமார் 40 கிலோ. சர்மா உட்கார்ந்திருந்த சோயுஸ் கலத்தின் எடையோ ஏறக்குறைய 7 டன். விமானி நம்மிடம் இருந்தார்; அவரை மேலே அனுப்பும் வாகனம் நம்மிடம் இல்லை. ஒரு தலைமுறைக்கு மேல் நீண்ட அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சித்தூர், திருப்பதி வரலாற்றைச் சொல்லும் தொடரில் ஸ்ரீஹரிகோட்டா எங்கே வந்தது, அது நெல்லூர்ச் சீமை ஆயிற்றே என்று பழைய வாசகர்கள் கேட்கலாம். 2022 ஏப்ரல் 4 வரை அது நெல்லூர் மாவட்டம்தான். அன்று ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்து அமைத்தபோது, சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதிப் பகுதியையும், நெல்லூரிலிருந்து கூடூர், சூலூர்பேட்டை, நாயுடுபேட்டைப் பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவானது. ஆக, ஏழுமலையும் ராக்கெட் தளமும் இன்று ஒரே கலெக்டரின் ஆளுகைக்குள் இருக்கின்றன. இந்தியர்கள் தங்கள் சொந்த ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகும் நாள் வந்தால், அவர்கள் புறப்படும் மண் திருப்பதி மாவட்டத்து மண்ணாகத்தான் இருக்கும்.

ராகேஷ் சர்மா 1949 ஜனவரி 13 அன்று பஞ்சாபின் பட்டியாலாவில் பிறந்தார். ஆனால் வளர்ந்தது ஹைதராபாதில். செயின்ட் ஜார்ஜ் கிராமர் பள்ளியிலும் நிஜாம் கல்லூரியிலும் படித்த பையன், 1966-இல் தேசிய பாதுகாப்பு அகாதெமியில் சேர்ந்தார். 1970-இல் விமானப்படையில் பைலட் அதிகாரி. மறு ஆண்டே வங்கதேசப் போர் வந்துவிட்டது. 23 வயதுகூட நிறையாத அந்த இளைஞர் மிக்-21 விமானத்தில் 21 முறை போர்ப் பணிக்குப் பறந்தார்.

மிக்-21 பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை என்ஜின், குட்டைச் சிறகு, தரையிறங்கும்போதும் அசுர வேகம். சிறு தவறையும் மன்னிக்காத விமானம் என்று அதை ஓட்டியவர்கள் சொல்வார்கள். அதில் தேறியவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். எதையும் ஊகிக்க மாட்டார்கள். முள் காட்டுவதைப் படிப்பார்கள், பட்டியலில் உள்ளதை வரிசையாகச் செய்வார்கள், கெட்ட செய்தி வந்தாலும் குரலை உயர்த்தாமல் தரைக்குச் சொல்வார்கள்.

அந்தப் பழக்கத்தின் உச்சம் சோதனை விமானி வேலை. சர்மா அதையும் பயின்றார். இந்த வேலையை வெளியே இருந்து பார்ப்பவர்கள் சாகசம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது பாதி பொறியியல், பாதி கணக்கு எழுதும் வேலை. புதிதாகக் கட்டிய அல்லது பழுது பார்த்த விமானத்தை மேலே கொண்டுபோய், அதன் எல்லை எது என்று படிப்படியாக நெருங்கிப் பார்க்க வேண்டும். இன்று இந்த வேகம், நாளை இன்னும் கொஞ்சம் கூட. இறங்கியதும் பொறியாளர்களிடம் என்ன நடந்தது, எந்தக் கணத்தில் நடந்தது, கைப்பிடியில் எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். ‘கொஞ்சம் ஆடிற்று’ என்று சொன்னால் போதாது. பறந்துகொண்டே கவனிப்பதும் கவனித்ததை அப்படியே அறிக்கையாக்குவதும் ஒருவருக்கே வாய்ப்பது அரிது.

விண்வெளிப் பயணத்தைத் தொடங்கியவர்கள் ஏன் ராணுவ விமானிகளைத் தேடிப் போனார்கள் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. யூரி ககாரின் சோவியத் விமானப்படை அதிகாரி. அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களும் ராணுவச் சோதனை விமானிகள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஜனாதிபதி ஐசனோவரே முடிவு செய்தார். பிறகு சோவியத் யூனியன் ‘இன்டர்காஸ்மோஸ்’ திட்டத்தில் நட்பு நாட்டு வீரர்களை அழைத்துப் போகத் தொடங்கியபோதும் அதே கதைதான். 1978-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் விளாதிமிர் ரெமெக், 1980-இல் வியட்நாமின் ஃபாம் துவான், அதே ஆண்டு கியூபாவின் அர்னால்தோ தமாயோ மெந்தெஸ், மூவருமே விமானப்படைக்காரர்கள். 1982-இல் போன பிரான்சின் ழான்-லூ கிரெத்தியேன் சோதனை விமானி. அந்த வரிசையில் இந்தியாவுக்கும் அழைப்பு வந்தது.

விமானிகளை வடிகட்டும் வேலை பெங்களூரில் நடந்தது. அங்கே சர்மாவை 72 மணி நேரம் ஓர் அறையில் பூட்டிவைத்தார்கள். செயற்கை விளக்குகள் மட்டும். பகலா, இரவா என்று தெரியாது. அடைபட்ட இடத்தைக் கண்டு மனத்தின் அடியில் ஒளிந்திருக்கும் அச்சம் மேலே வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. தனியாக ஓட்டும் போர் விமானியின் இருக்கையும் நெருக்கம்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் கண்ணாடி மூடியைத் திறந்துகொண்டு இறங்கிவிடலாம். சோயுஸில் முழங்காலை மடக்கிக்கொண்டு மூன்று பேர் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். வேண்டாம் என்றால் இறங்கிப் போக முடியாது.

1982 செப்டம்பரில் இருவர் தேர்வானார்கள். சர்மா ஒருவர். மற்றவர், அவரைவிட ஐந்து வயது மூத்த ரவீஷ் மல்ஹோத்ரா, 1943-இல் லாகூரில் பிறந்தவர், அவரும் சோதனை விமானி. மாஸ்கோவுக்கு வெளியே பனிக்காட்டுக்குள் இருக்கும் நட்சத்திர நகரில், ககாரின் பயிற்சி மையத்தில் இருவரும் தங்கிப் பயின்றார்கள். பாடம் எல்லாம் ரஷ்ய மொழியில். கலத்தின் பொத்தான்களில் இருந்த எழுத்தும் ரஷ்யம்தான். எனவே முதல் வேலை மொழி. தினமும் ஆறேழு மணி நேரம் ரஷ்யம் படித்தார்கள். முப்பது வயது கடந்த இரண்டு இந்திய அதிகாரிகள், வீட்டுப்பாடத்தோடு வகுப்பில் உட்கார்ந்த அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

ரவீஷ் மல்ஹோத்ராவைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் ஆதங்கம். சர்மா கற்ற ஒவ்வொரு பாடத்தையும் அவரும் கற்றார். சுழல் இயந்திரத்தில் சர்மா சுழன்றபோது அவரும் சுழன்றார். ஏவுதலுக்கு முந்தைய நாள்வரை, சர்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால் போயிருக்க வேண்டியவர் அவர்தான். இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. இதே பயணத்துக்கு முதலில் பெயர் குறிக்கப்பட்டிருந்த பொறியாளர் நிக்கலாய் ருக்கவிஷ்னிக்கோவ் உடல்நலக் குறைவால் விலகித்தான் ஸ்ட்ரெக்கலோவுக்கு இடம் கிடைத்தது. மல்ஹோத்ராவுக்கு அப்படி ஒரு திருப்பம் அமையவில்லை. நண்பர் போனதைத் தரையில் நின்று பார்த்தார். அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தது. பின்னாளில் ஏர் கமடோராக உயர்ந்தார்.

ஸ்ட்ரெக்கலோவ் அந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தாரே, அவருக்குப் பின்னால் ஒரு பெருங்கதை இருக்கிறது. சர்மாவின் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு, 1983 செப்டம்பர் 26 இரவு, அதே பைக்கானூரில் வேறொரு சோயுஸில் விளாதிமிர் தித்தோவும் ஸ்ட்ரெக்கலோவும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கிளம்ப ஒன்றரை நிமிடம் இருக்கையில் ராக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. மேலே இருந்த இருவருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தப்பிக்கும் அமைப்பை இயக்க வேண்டிய கம்பிகளைத் தீ தின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பேர் தனித்தனியாக, ஆனால் ஒரே நேரத்தில், பொத்தானை அழுத்தினால்தான் வானொலி வழியாக அந்த ஆணை போகும். அழுத்தினார்கள். கலத்தின் உச்சியில் இருந்த சிறு ராக்கெட் கோபுரம் சீறி, வீரர்கள் இருந்த பகுதியை மட்டும் பிய்த்துத் தூக்கிக்கொண்டு போனது. ஓரிரு விநாடிகளில் கீழே ராக்கெட் வெடித்துச் சிதறியது. ஈர்ப்புவிசையைப் போல 14 முதல் 17 மடங்கு அழுத்தம் நெஞ்சில் ஏற, இருவரும் சுமார் 4 கி.மீ. தள்ளிப் பாராசூட்டில் உயிரோடு இறங்கினார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே மனிதர், அதே ஏவுதளத்துக்குத் திரும்பி வந்து, அதே வகைக் கலத்தில் சர்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தத் தப்பிக்கும் கோபுரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவின் கதை பின்னால் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஏவிய மறுநாள் சர்மாவின் கலம் சல்யூத்-7 விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. அங்கே முன்பே லியோனித் கிசிம், விளாதிமிர் சொலொவ்யோவ், மருத்துவர் ஒலெக் அத்கோவ் ஆகிய மூவர் தங்கியிருந்தார்கள். சர்மாவின் வேலைப் பட்டியலில் மருத்துவ ஆய்வு, உலோகவியல் ஆய்வு, இந்தியாவை மேலிருந்து பல்நிறக் கேமராவில் படமெடுத்தல் எல்லாம் இருந்தன. எடையற்ற நிலையில் யோகாசனம் செய்தால் உடலுக்கு உதவுமா என்றும் பார்த்தார். மிதக்கிற உடம்பை ஓர் ஆசனத்தில் நிறுத்துவது தரையில் நிறுத்துவதைவிடக் கடினம். பட்டைகளால் உடலைக் கட்டிக்கொண்டு செய்தார். மைசூர் பாதுகாப்பு உணவு ஆய்வகம் கட்டிக்கொடுத்த ரவை அல்வாவும் புலாவும் ரஷ்யர்களுக்கும் பிடித்துப்போயின.

மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டதும், இக்பாலின் பாடல் முதலடியைச் சர்மா பதிலாகச் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, அந்த எட்டு நாளின் மற்ற உழைப்பை மறந்துவிட்டோம். உதாரணமாக, அவர்கள் போன கலத்தில் திரும்பவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? டி-11 புதுக் கலம். நிலையத்தில் முன்பே நின்ற டி-10 இரண்டு மாதம் பழையது. சோயுஸ் கலம் விண்ணில் சில மாதங்களுக்கு மேல் நிற்கக் கூடாது. ஆகவே நெடுநாள் தங்குகிறவர்களுக்குப் புதியதை விட்டுவிட்டு, விருந்தாளிகள் பழையதை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். இருக்கையில் உடலுக்கென்றே வார்த்த அச்சுப் படுக்கையைக் கழற்றி மற்றக் கலத்தில் பொருத்த வேண்டும். ஏப்ரல் 11 அன்று கஸாகஸ்தானின் அர்க்காலிக் ஊருக்கு அருகே அவர்கள் தரையைத் தொட்டார்கள். மொத்தம் 7 நாள், 21 மணி, 40 நிமிடம்.

ஊர் திரும்பியதும் அசோக சக்ரா, ஊர்வலம், மாலை, கையெழுத்து. விண்வெளியில் கடவுளைப் பார்த்தீர்களா என்று மக்கள் அடிக்கடி கேட்டதாகவும், இல்லை என்று தான் சொன்னதாகவும் சர்மா பின்னாளில் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார். அந்த ஆரவாரத்தில் அவர் கரைந்துபோகவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்த செய்தி. அவர் மறுபடி விமானத்தில் ஏறினார். 1987-இல் விங் கமாண்டராக ஓய்வு பெற்று, ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் சேர்ந்து, முதலில் நாசிக்கில், 1992 முதல் பெங்களூரில் தலைமைச் சோதனை விமானியாக வேலை பார்த்தார். 2001-இல்தான் பறப்பதை நிறுத்தினார். விண்வெளிக்குப் போய்வந்த பிறகு பதினேழு ஆண்டு, புது விமானங்களின் குற்றம் குறை கண்டு சொல்லும் பழைய வேலையையே செய்திருக்கிறார். பிறகு நம் நீலகிரியில், குன்னூரில் வீடு கட்டிக்கொண்டு குடியேறினார்.

சர்மாவுக்குப் பிறகு அடுத்தவர் யார் என்று 1985-இல் கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. அமெரிக்க விண்வெளி ஓடத்தில் இந்தியாவின் இன்சாட்-1சி செயற்கைக்கோளோடு போவதற்காக இஸ்ரோவின் பி. ராதாகிருஷ்ணன், என்.சி. பட் என்ற இரு பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஓடம் கிளம்பி 73 விநாடியில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். இந்தியரின் பயணம் ரத்தானது. அந்தச் செயற்கைக்கோள் 1988-இல் ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டில் போயிற்று. மனிதர்கள் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. சோவியத்காரர்கள் ஏற்றிவிட்டார்கள், போய் வந்தோம், அவ்வளவுதானே என்று கேட்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்தவர் வண்டியில் இன்னும் நாலு பேரை அனுப்பியிருக்கலாம். அதனால் ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு செங்கல்கூட உயர்ந்திருக்காது. இஸ்ரோ அந்த ஆண்டுகளில் தொலையுணர்வு, தகவல் தொடர்பு, பி.எஸ்.எல்.வி. என்று மக்களுக்கு உடனே தேவைப்பட்டதைச் செய்தது. புயல் எச்சரிக்கை கேட்டுக் கரையேறிய ஒவ்வொரு மீனவரும் அந்தத் தேர்வின் பயனை அனுபவித்தவர். மனிதரை அனுப்பும் யோசனை 2006 நவம்பரில் விஞ்ஞானிகள் கூடிப் பேசியபோதுதான் உருப்பெற்றது. அந்தக் கூட்டத்தில் ராகேஷ் சர்மாவும் இருந்தார்.

அங்கிருந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டாவின் பயணம் தெளிவாகப் புரியும். மேலே அனுப்புவது இஸ்ரோவுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. கீழே கொண்டுவருவது புதிது. செயற்கைக்கோள் திரும்பி வர வேண்டியதில்லை. மனிதர் வர வேண்டும். 2007 ஜனவரி 10 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 550 கிலோ எடையுள்ள ஒரு கூம்புக் கலத்தை மேலே கொண்டுபோனது. பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு, ஜனவரி 22 அன்று அது வளிமண்டலத்தின் நெருப்பைத் தாண்டி ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் வங்கக் கடலில் விழுந்து மிதந்தது. 2014 டிசம்பர் 18 அன்று, மனிதர் உட்காரும் அளவிலான 3.7 டன் கலம் 126 கி.மீ. உயரத்திலிருந்து திரும்பி அந்தமான் கடலில் இறங்கியது. 2018 ஜூலை 5 காலை, ஏவுமேடையிலேயே ஆபத்து வந்தால் வீரர்களைத் தூக்கிப் போகும் அமைப்பைச் சோதித்தார்கள். 259 விநாடியில் எல்லாம் முடிந்தது. ஸ்ட்ரெக்கலோவைக் காப்பாற்றிய கோபுரத்தின் இந்தியத் தம்பி அது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 15 அன்று, செங்கோட்டையிலிருந்து, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தைப் பிரதமர் அறிவித்தார்.

2023 அக்டோபர் 21 காலை நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பறந்துகொண்டிருக்கும் ராக்கெட்டிலிருந்து கலத்தைப் பிரித்துக் காப்பாற்ற முடியுமா என்பது அன்றைய கேள்வி. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது, வானிலையால் எட்டே முக்காலுக்குத் தள்ளிப்போனது. எண்ணிக்கை ஐந்துக்கு வந்தபோது கணினி தானே நிறுத்திவிட்டது. ராக்கெட் அசையவில்லை. நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பொறியாளர்கள் கோளாறைத் தேடிக் கண்டுபிடித்து, சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். ஒரு நிமிடம் பறந்ததும், ஒலியை மிஞ்சிய வேகத்தில், தப்பிக்கும் அமைப்பு கலத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு சுமார் 17 கி.மீ. உயரம் வரை போனது. பாராசூட்டுகள் வரிசையாக விரிந்தன. கரையிலிருந்து சுமார் 10 கி.மீ. தள்ளிக் கடலில் இறங்கிய கலத்தைக் கடற்படையினர் மீட்டு வந்தார்கள். எண்ணிக்கை நின்ற அந்தக் கணத்தைப் பலர் தோல்வி என்று பதறினார்கள். எனக்கு அதுதான் அன்றைய நாளின் முக்கியமான வெற்றி. சந்தேகம் வந்தால் நிற்கத் தெரிந்த இயந்திரத்தில்தான் மனிதரை நம்பி ஏற்ற முடியும்.

2025 ஆகஸ்ட் 24 அன்று இன்னொரு சோதனை. விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் சுமார் 5 டன் மாதிரிக் கலத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் 3 கி.மீ. உயரத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டாக் கடலோரத்தில் விட்டது. பாராசூட்டுகள் சரியாக விரிந்தன. விமானப்படையும் இஸ்ரோவும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் இப்படிக் கைகோத்து நிற்பது ஒரு புது அத்தியாயம். நம் தென்பாண்டிச் சீமைக்கும் இதில் பங்குண்டு. மனிதரை ஏற்றப்போகும் எல்.வி.எம்-3 ராக்கெட்டின் விகாஸ் என்ஜினைத் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் 240 விநாடி தொடர்ந்து எரித்துப் பார்த்தது 2021 ஜூலையில்.

விமானிகளுக்கு வருவோம். 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் ககன்யான் பயணத்துக்கான நான்கு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நான்கு பேருமே விமானப்படைச் சோதனை விமானிகள். 2020 பிப்ரவரியில் தொடங்கி அவர்கள் பயிற்சி பெற்றதும் சர்மாவும் மல்ஹோத்ராவும் படித்த அதே ககாரின் மையத்தில்தான். கொரோனா ஊரடங்கால் இடையில் நின்று, 2021 மார்ச்சில் அந்தப் பயிற்சி முடிந்தது.

அஜித் கிருஷ்ணன் 1982 ஏப்ரல் 19 அன்று சென்னையில் பிறந்தவர். 2003 ஜூனில் போர் விமானப் பிரிவில் சேர்ந்தார். விமானப்படை அகாதெமியில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் கௌரவ வாளும் பெற்றவர். சுகோய்-30, மிக்-21, மிக்-29, ஜாகுவார் என்று சுமார் 2900 மணி நேரம் பறந்திருக்கிறார். குன்னூருக்கு அடுத்துள்ள வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படித்திருக்கிறார். சர்மாவின் ஊரும் அதே மலையில்தான். கேரளத்துக்காரரான பிரசாந்த் நாயர் அதே வெலிங்டனிலும், நம் தாம்பரத்தில் உள்ள விமானப் பயிற்றுநர் பள்ளியிலும் ஆசிரியராக இருந்தவர். தாம்பரத்து வானத்தில் வட்டமடிக்கும் பயிற்சி விமானங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நால்வரில் முதலில் விண்வெளிக்குப் போனவர் சுக்லா. லக்னோவில் 1985 அக்டோபரில் பிறந்தவர், அதாவது சர்மா போய்வந்து ஒன்றரை ஆண்டு கழித்து. 2025 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் கென்னடி மையத்திலிருந்து ஆக்ஸியம்-4 பயணத்தில், பெகி விட்சனின் தலைமையில், டிராகன் கலத்தின் பைலட்டாகப் போனார். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கி, வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்கவைத்தது உட்பட இந்திய ஆய்வுகளைச் செய்து, ஜூலை 15 அன்று கலிஃபோர்னியக் கடலில் இறங்கினார். அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றுத் தரையில் நின்றவர் பிரசாந்த் நாயர். மல்ஹோத்ராவின் இடம் இந்த முறை அவருக்கு.

அந்தப் பயணம் பலமுறை தள்ளிப்போனதில் ஒரு சம்பவம் கவனிக்கத்தக்கது. ஃபால்கன் ராக்கெட்டில் திரவ ஆக்ஸிஜன் கசிவது சோதனையில் தெரிந்தது. கசிவை முழுக்கச் சரிசெய்து, மறுபடி சோதித்த பிறகுதான் ஏவ வேண்டும் என்று அங்கே போயிருந்த இஸ்ரோ குழு பிடிவாதமாக நின்றது. அதை வழிநடத்தியவர் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், கிரையோஜெனிக் என்ஜினிலேயே ஊறியவர். 1984-இல் நாம் ஒரு வீரரைக் கொடுத்தோம். ராக்கெட்டைப் பற்றி வாய் திறக்க நமக்கு அனுபவம் இல்லை. 2025-இல் அடுத்தவர் ராக்கெட்டின் கோளாறைச் சுட்டிக்காட்டிப் பேசும் இடத்துக்கு வந்திருந்தோம். இரு பயணங்களுக்கும் இடையில் நாம் சம்பாதித்தது இதுதான் என்பேன்.

இந்த வட்டாரம் இதை எப்படிப் பார்க்கிறது? சூலூர்பேட்டையில் இறங்கி, பழவேற்காடு ஏரியின் நடுவே போகும் சாலையில் தீவுக்குப் போக வேண்டும். கோடையில் இரு பக்கமும் உப்புப் பூத்த வெளி; மழைக்குப் பிறகு தண்ணீரும் பூநாரைகளும். ஏவுதலுக்கு முன் இஸ்ரோ தலைவர்கள் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கு வருவதும், ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலைக்குக் கொண்டுபோய் வைத்து வணங்குவதும் இங்கே வழக்கம். உயிரோடு ஆள் ஏறும் நாளில் அந்த வேண்டுதலுக்குக் கூடுதல் கனம் இருக்கும். திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற சாலையில் உள்ள காதங்கியில் வேறொரு வேலை நடக்கிறது. அங்கே தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ராடார், 1024 ஆன்டெனாக்களை ஒரு வயல் போலப் பரப்பிவைத்துக்கொண்டு, தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றைத் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து அளக்கிறது. ராக்கெட் முதல் நிமிடங்களில் கிழித்துக்கொண்டு போக வேண்டியது இந்த மேல்காற்றைத்தான். நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும் பக்தர்களுக்கு இங்கே ஒரு வளிமண்டலக் காவல்காரன் நிற்பது தெரியாது.

இனி நடக்க வேண்டியது இதுதான். முதலில் ஆளில்லாப் பயணங்கள். அவற்றில் வியோமித்ரா என்ற மனித உருவ ரோபோ போகும். அவை தேறிய பிறகு, 2027-ஐ இஸ்ரோ இலக்காகச் சொல்கிறது, இரண்டாம் ஏவுமேடையிலிருந்து மூவர் வரை 400 கி.மீ. உயரத்துக்குப் போய், மூன்று நாள் வரை சுற்றிவிட்டுக் கடலில் இறங்குவார்கள். யார் போவார் என்பதை இஸ்ரோதான் முடிவு செய்யும். அஜித் கிருஷ்ணன் போனால், பிறந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் மண்ணிலிருந்தே கிளம்புவார். அந்தத் தேதி தள்ளிப்போனால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2023-இல் பத்திரமாகத் திரும்பிய கலமும் ஐந்து விநாடி மீதமிருக்கையில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் கிளம்பியது.

இந்தத் தீவில் ராக்கெட்டுக்கு முன்பே குடியிருந்தவர்கள் யானாதிகள். மீனும் காட்டு விளைபொருளும் அவர்கள் பிழைப்பு. 1969-இல் ஏவுதளத்துக்கு இந்த இடம் குறிக்கப்பட்டபோது அவர்கள் வாழ்க்கை தலைகீழானது. 1971 அக்டோபர் 9 அன்று இங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியபோது அவர்கள் எங்கே போனார்கள், எத்தனை பேருக்கு மையத்தில் வேலை கிடைத்தது, கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)